புறாவுக்குப் போட்ட தானியம்

பிறந்த வீடு என்று சொன்னவுடனே உங்களில் பலருக்குக் கொல்லையில் ஒரு கிணறு, அதன் அருகே துளசி மாடம், கொஞ்சம் தள்ளி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் பச்சைப் பசேலென்று நெல் வயல் என்று வரிசையாக ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது வெடிப்புத்தான். சித்திரை வெயிலில் வாய் பிளந்து கிடக்கும் கறுப்பு மண்ணின் வெடிப்பு. சிறு பிள்ளைகள் கையை விட்டால் முழங்கை வரையில் உள்ளே போகும். பம்பரம் விழுந்தால் போனது போனதுதான். என் அண்ணனுடைய பம்பரம் ஒன்று இன்றைக்கும் எங்கள் நிலத்துக்குள் எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஊரின் பெயர் புதூர். தமிழ்நாட்டில் புதூர்களுக்கு என்ன பஞ்சம்? நான் சொல்லும் புதூர் தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் தாலுகாவில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. இவ்வளவையும் யாரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? சென்னையில் யாராவது சொந்த ஊரைக் கேட்டால், "கோவில்பட்டிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கோவில்பட்டி என்றதும் அவர்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும், முகம் மலரும். எனக்கும் அதில் ஒரு கௌரவம். முப்பது வருஷமாக இப்படித்தான் காலத்தை ஓட்டிவிட்டேன்.

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மறைத்துவிட்டு மேலே சொன்னால் இந்தக் கதையே விளங்காது.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மாம்பலத்தில் சின்ன வீடு. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஒரு மஞ்சள் பையில் கம்பு, இன்னொன்றில் தானே குத்திப் புடைத்த குதிரைவாலி. இரண்டையும் கூடத்து மூலையில் வைத்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தானா எதிர் வீட்டு மாமி வர வேண்டும்? மாமி பெரிய இடம். எங்கள் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தவள் நாற்காலியில் உட்காருமுன் பையைப் பார்த்துவிட்டாள். "இதென்ன, ஏதோ தானியமா?" என்றாள்.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "புறாவுக்குப் போடறது மாமி" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா சமையலறை வாசற்படியில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாமிக்குக் காப்பியைக் கொடுத்தாள். ஊருக்குப் போகும் வரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் சென்னைக்கு வந்த போதெல்லாம் கையில் இருந்தது கடலை மிட்டாய்ப் பொட்டலம் மட்டும்தான்.

இது நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறந்துபோனதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

என் பெண் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சத்துணவு இயலில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? சிறுதானியம்! கம்பும் குதிரைவாலியும் சோளமும்! 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதிலிருந்து எங்கே பார்த்தாலும் அதே பேச்சாகிவிட்டது அல்லவா? என் வீட்டுக்குள்ளும் அது வந்து சேர்ந்தது.

சென்ற வருஷம் புரட்டாசியில் ஒரு நாள், "அம்மா, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். நீயும் வா. உன் ஊர்ப் பக்கம்தானே?" என்றாள். பிறந்த மண்ணைப் பார்த்து நாளாயிற்று என்று கிளம்பிவிட்டேன். முத்துநகர் எக்ஸ்பிரஸில் விடிகாலை கோவில்பட்டியில் இறங்கி, எட்டயபுரம் வழியாகப் புதூர் போய்ச் சேர்ந்தோம். மறு நாள் காலையில் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்து ஆராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு.

இரவு சாப்பாட்டின்போது என் பெண், "ஆச்சி, நீங்களும் நாளைக்கு எங்களோட வாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா அங்கே எதுக்கு? மூணாங் கிளாஸ் படிச்சவள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிற இடத்திலே என்ன பேசுவாள்?" என்றேன்.

"இடைசெவல் ஊர்க்காரர் ஒருத்தர் பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர், விவசாயி. அவரைப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் 1989-இல் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது. உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் என் பெண்.

கி. ராஜநாராயணனைத்தான் சொல்கிறாள். 1923-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து, 2021-இல் புதுச்சேரியில் காலமானவர். "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்காக 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். கரிசல் ஜனங்கள் பேசும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து ஓர் அகராதியே போட்டார். கிராமத்துக் கதைகளைச் சேகரிக்கக் கற்றுத்தர அவரை விட்டால் யார் என்று பல்கலைக்கழகமே தேடி வந்து அழைத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதியா? ஆனால் படித்தது ஒரு பக்கம், நம் வீட்டு அம்மா ஒரு பக்கம் என்று தனித் தனியாக வைத்திருந்தேன். என் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கும்பாவைக் கழுவி வைத்தாள். "செண்பகவல்லியம்மனைப் பாத்து வருஷம் ரெண்டாச்சு. அந்தச் சாக்குல நானும் வாரேன்" என்றாள். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போகவா வருகிறாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

*

பல்கலைக்கழகத்து இடம் என்றால் உயர்ந்த தூண்களும் மணிக்கூண்டும் நினைவுக்கு வரும். இங்கே அப்படியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். வேப்ப மரம், மழையை அளக்கும் கருவி, பாத்தி பாத்தியாகப் பிரித்து எண் போட்ட கரிசல் நிலம், இவைதான் முக்கியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நிலையம் கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1971-இல். கோவில்பட்டிப் பண்ணை ஏற்பட்டதோ 1901-இல்! தாயை விட எழுபது வயது மூத்த பிள்ளையை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? வாய்க்கால் இல்லை, ஆற்றுப் பாசனம் இல்லை, வானத்தைப் பார்த்துப் பயிர் செய்கிறவன் என்ன செய்வான் என்ற ஒரே கேள்வியை நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியவர் ஒரு பெண் விஞ்ஞானி. நாற்பது வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வரப்பில் நடந்தார். "கே 12 என்று ஒரு சோளம். 'கே' என்றால் கோவில்பட்டி. 'கோ' என்று ஆரம்பித்தால் கோயம்புத்தூர்" என்று விளக்கினார். அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "அப்ப எங்க கருங்கண்ணிப் பருத்தி?" என்றாள். அவர் நின்றுவிட்டார். "ஆச்சி, 'கே' பருத்திகளிலே கருங்கண்ணி வம்சமும் உண்டு" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தக்காரப் பிள்ளை கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பதைக் கேள்விப்பட்டவள் போல் இருந்தது.

அங்கே நாங்கள் தெரிந்துகொண்ட ஒரு சமாசாரத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவில்பட்டியில் ஏறக்குறைய அதில் பாதிதான். அந்தப் பாதியிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசல் மண்ணோ களி மண். கோடையில் வெடிக்கும், மழை பெய்தால் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். குடித்த தண்ணீரைச் சீக்கிரத்தில் விடாது. ஆனால் நன்றாக நனைந்த பிறகு அதில் காலை வைக்க முடியாது. ஒவ்வொரு காலிலும் ஒரு வீசை மண் ஒட்டிக்கொண்டு வரும். மழை வந்த பிறகு ஏர் பூட்டலாம் என்று காத்திருந்தால், மண் காய்வதற்குள் நல்ல ஈரத்தில் பாதி போய்விடும். ஆகையால் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட வேண்டும்.

"இதைத்தானே நாங்க புழுதி விதைப்புங்கோம்? எங்க அய்யா காலத்திலேயே உண்டே!" என்றாள் அம்மா.

"உண்டு ஆச்சி. ஆனால் சில வருஷம் சின்னத் தூறலுக்கு முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிப் போயிருக்குமே?"

அம்மா பேசாமல் இருந்தாள். அப்படிக் கருகிய வருஷங்கள் எனக்கே ஞாபகம் இருக்கின்றன. விதைத் தானியத்தை இரண்டாம் தடவை கடன் வாங்கி விதைத்த வருஷங்கள் அவை. அந்த மாதிரி ஒரு வருஷத்தில்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்புகிற பேச்சும் நின்று போயிற்று.

அதற்கு இங்கே வழி கண்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் எழுதி வைத்த மழைக் கணக்கைப் பார்த்து, எந்த வாரத்தில் நம்பிக்கையாக மழை பிடிக்கும் என்று கண்டுகொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னால் விதைக்கச் சொல்கிறார்கள். விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். அப்போது சின்னத் தூறல் அதை எட்டாது. நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும். இன்னொன்றும் செய்கிறார்கள். சோள விதையைப் பொட்டாசியம் உப்பு ஒன்றைக் கரைத்த தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு இருபது கிராம் கணக்கு. ஊறிய விதையை அப்படியே விதைப்பதில்லை. நிழலில் உலர்த்திப் பழையபடி காய வைத்துவிடுகிறார்கள். விதையைக் கடினப்படுத்துவது என்று அதற்குப் பெயர். இப்படி ஒரு தடவை ஊறிக் காய்ந்த விதையிலிருந்து வரும் பயிர் வறட்சியைத் தாங்குமாம்.

அம்மா ஒரு பிடி விதையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்தாள். "நாங்க சாம்பல்ல புரட்டி வைப்போம். பயறு வகைன்னா செம்மண்ணு பூசுவோம். ஊறப் போட்டுத் திருப்பிக் காயப் போடுறதை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "எங்க வீட்டு விதையையே நான் இப்படி ஊறப் போட்டுக் காய வச்சா ஆகுமா தாயி?" என்று கேட்டாள். எப்படிச் செய்வது என்று அந்த அம்மாள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

மத்தியானம் வேப்ப மரத்தடியில் சாப்பாடு. நான் பலகாரத்தில் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? காலையில் மதினியை விரட்டி விரட்டி எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து எடுத்து வந்திருந்தேன். அம்மா தனக்கென்று ஒரு தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டு வந்திருந்தாள். அதைக் கண்டதும் பைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பழைய புத்தி போகுமா?

விஞ்ஞானி அம்மாள் தம் டிபன் காரியரைத் திறந்தார். உள்ளே குதிரைவாலித் தயிர்ச் சாதம்! மேலே மோர் மிளகாய் இரண்டு. "ஆச்சி, அந்தத் தூக்குவாளியில் என்ன?" என்றார். என் பெண் அதை எடுத்துத் திறந்து வைத்துவிட்டாள். முதல் நாள் இரவு உருட்டித் தண்ணீரில் போட்ட கம்மஞ்சோற்றைக் காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்ட கூழ். தொட்டுக்கொள்ளக் காணத் துவையலும் மிதுக்க வத்தலும். காணம் என்றால் உங்கள் ஊரில் கொள்ளு. மிதுக்கங்காய் எங்கள் காட்டில் தானே கொடியாகப் படரும். அதை நறுக்கி உப்புப் போட்டுக் காய வைத்து எண்ணெயில் பொரித்தால் அப்பளத்தை நீங்கள் மறந்து விடுவீர்கள்.

தூக்குவாளி ஐந்து நிமிஷத்தில் காலி. என் எலுமிச்சம்பழச் சாதத்தைச் சீந்துவாரில்லை.

"ஆச்சி, குதிரைவாலியை உங்கள் பக்கத்தில் எப்படிச் செய்வீர்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார். என் பெண் பென்சிலும் நோட்டுமாகத் தயாரானாள்.

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்: "எங்க பக்கம் சோறு பொங்குவோம் தாயி. மெட்ராஸ்லதான் புறாவுக்குப் போடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தலை நிமிரவில்லை. இருபத்தைந்து வருஷம் பூமிக்கு அடியில் கிடந்தது, ஒரு மழைக்கு முளைத்துவிட்டது.

அம்மா அதோடு விட்டுவிட்டு, ஒரு பங்கு குதிரைவாலிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்றும், தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும் என்றும், வற்றும் சமயம் தணலைக் குறைத்து மூடிவிட வேண்டும் என்றும், இறக்கிக் கால் மணி நேரம் கிளறக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டே போனாள். கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தித் தவிடு போகப் புடைப்பது, மறுபடி குத்திக் கொரகொரப்பாக உடைப்பது, உலையில் போட்டுக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவது, எல்லாம் நோட்டில் ஏறின. மூன்றாங் கிளாஸ் படித்தவள் சொல்ல, மேற்படிப்புப் படிக்கிறவள் எழுத, விஞ்ஞானி நடு நடுவே சந்தேகம் கேட்க, அந்த வேப்ப மரத்தடிதான் அன்றைக்கு வகுப்பறை.

சாயங்காலம் செண்பகவல்லி அம்மனைத் தரிசித்துவிட்டுக் கடைத்தெருவில் கடலை மிட்டாய் வாங்கினோம். கரிசல் காட்டு நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் மூன்றும் சேர்ந்து வந்த ருசி என்று 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு துண்டை வாயில் போட்டேன். அன்றைக்கு அது இனிக்கவில்லை. அம்மா இத்தனை வருஷமாக எனக்கு இதை மட்டுமே கொண்டு வந்தது ஏன் என்று நினைத்தால் எப்படி இனிக்கும்?

இரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு என் பெண், "ஆச்சி சொன்ன அந்தப் புறா என்னம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ ஆச்சியிடம் ஒரு தடவை பேசிவிடு" என்றாள். மறு நாள் பேசலாம் என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

*

கார்த்திகையில் அம்மாவிடமிருந்து போன். "வந்து காட்டைப் பாத்துட்டுப் போங்க. அதலைக்காயும் காய்ச்சிருக்கு."

கரிசல் காட்டைக் கார்த்திகையில் பார்த்தவர்கள் அதைப் பாலை என்று சொல்ல மாட்டார்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமுமாகப் பச்சை. சீமைக் கருவேல மரங்கள்கூடக் குளித்துத் தலை சீவிக்கொண்டவை போல் நின்றன. புரட்டாசியில் நான் பார்த்த வெடிப்பு ஒன்றுகூட இல்லை. மண் வாயை மூடிக்கொண்டு காரியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது.

அம்மா எங்களை நேரே காட்டுக்கு அழைத்துப் போனாள். அண்ணனிடம் சண்டை போட்டு ஒரு மூலையில் சோளத்தை இரண்டு பகுதியாக விதைத்திருந்தாள். ஒரு பகுதி வழக்கம் போல். இன்னொரு பகுதி, காகிதத்தில் எழுதியிருந்தபடி ஊறப் போட்டுக் காய வைத்த விதை.

"ரெண்டுந்தான் முளைச்சுச்சு. நடுவுல பதினைஞ்சு நாளு மழை நின்னு போச்சு பாரு, அப்ப இந்தப் பக்கம் இலை சுருண்டுக்கிடுச்சு. அந்தப் பக்கம் அவ்வளவா வாடலை" என்றாள். தோற்றதை ஒப்புக்கொள்கிற குரல் அல்ல அது. தனக்கும் ஒரு பாடம் கிடைத்ததில் சந்தோஷப்படுகிற குரல்.

என் பெண் பயிரை அளக்கப் போய்விட்டாள். நானும் அம்மாவும் வரப்பு ஓரத்தில் அதலைக்காய் பறித்தோம். உங்களில் பலர் இந்தக் காயைக் கண்டிருக்க மாட்டீர்கள். பாகற்காய்க்குத் தம்பி, சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. இதை யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழை பெய்ததும் தானே கொடி விட்டுக் காய்க்கும். சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கினால், கசப்பு இருக்கும், ஆனால் தின்னத் தின்ன இன்னும் கொஞ்சம் என்று கேட்கச் சொல்லும்.

மடி நிறையக் காய் சேர்ந்தது. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று துணிந்து, "அம்மா, அன்றைக்கு மாமி வந்தபோது நான் அப்படிச் சொன்னேனே..." என்று ஆரம்பித்தேன். மேலே தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மா காய் பறிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும்" என்றாள். "உங்க அய்யாவோட சொந்தக்காரங்க ஆத்துப் பாசனத்து ஊர்லேருந்து வந்திருந்தாங்க. மூணு வேளையும் நெல்லுச் சோறு திங்கிறவங்க. நமக்குத் தீபாவளிக்குத்தான் நெல்லுச் சோறு. பக்கத்து வீட்டுல ரெண்டு படி அரிசி கடன் வாங்கிப் பொங்கிப் போட்டேன். எங்க அம்மா எனக்குன்னு கரைச்சுக் கொண்டாந்திருந்த கூழ்ப்பானை அடுப்படியில இருந்துச்சு. அதைத் தூக்கிட்டுப் போயி மாட்டுத் தொழுவத்துல வச்சேன். வந்தவுக கேட்டாக. மாட்டுக்குன்னேன்."

"ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தாளா?"

"வாசப்படியிலேதான் நின்னா."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. கண்ணீர் அப்புறம் வந்தது.

"எங்க அம்மாகிட்ட நான் கடைசி வரைக்கும் கேக்கலை. நீயாவது கேட்டியே" என்றாள் அம்மா.

*

ஊரிலிருந்து திரும்பும்போது என் பெட்டியில் இரண்டு பை. ஒன்றில் கம்பு, ஒன்றில் குதிரைவாலி. மஞ்சள் பைதான். கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

சென்ற வாரம் எதிர் வீட்டு மாமி வந்தாள். ஆமாம், அதே மாமிதான். இப்போது கையில் கோல் ஊன்றி நடக்கிறாள். டாக்டர் அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். "குதிரைவாலின்னு ஒண்ணு இருக்காமே? கடையிலே யானை விலை, குதிரை விலை சொல்றான். எங்கே நல்லதாகக் கிடைக்கும்?" என்று கேட்டாள். என் பெண் உள்ளேயிருந்து, "குதிரைவாலி என்றாலும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும் பாட்டி. அதிலும் மாவுச் சத்து உண்டு" என்று எச்சரிக்கை செய்தாள்.

நான் பையைத் திறந்து ஒரு படி அளந்து கொடுத்தேன். மாமி கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் பழைய கதை ஒன்றும் ஞாபகம் இல்லை. "பேஷ்! எந்த ஊர்ச் சரக்கு?" என்றாள்.

கோவில்பட்டிப் பக்கம் என்று நாக்கு நுனி வரையில் வந்துவிட்டது. பழக்க தோஷம். அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"எங்கள் ஊர் மாமி. புதூர். என் அம்மா குத்திப் புடைத்தது."